மலை பெய்த கதை

(பட்டிமன்றத் தலைப்பு: கம்ப்யூட்டரில் உள்ள பிழைதிருத்தி, எழுதும் தமிழுக்குத் துணையா? தடையா? ராயப்பன்பட்டி மேடையில், 'துணையே' என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியது.)

நடுவர் ஐயா அவர்களே! எங்கள் அணித் தலைவர் அவர்களே! எதிரணியில் முகத்தைக் கொஞ்சம் கடுமையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அருமை நண்பர்களே! திடல் கொள்ளாமல், மதில் மேலும் மாடி மேலும் அமர்ந்திருக்கும் ராயப்பன்பட்டிப் பெருமக்களே! வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால், ஒரு காதை எனக்கும் ஒரு காதை அடுப்பில் இருக்கிற குக்கருக்கும் கொடுத்திருக்கும் தாய்மார்களே!

நடுவர் ஐயா, முதல்ல ஒரு உண்மையைச் சொல்லிடறேன். ஒரு தமிழ் வாத்தியாரைக் கூப்பிட்டு, 'கம்ப்யூட்டர் பிழை திருத்துதாமே, அது நல்லதா கெட்டதா, எந்தப் பக்கம் பேசுறீங்க'ன்னு கேட்டா, அவன் எந்தப் பக்கம் போவான்? எதிர்ப் பக்கம்தான் போவான்! முப்பது வருஷமா சிவப்பு மைப் பேனாவை வெச்சுப் பிழைக்கிறவன் நான். அந்தப் பேனாவையே பிடுங்கிக்கிட்டுப் போக ஒரு மெஷின் வந்திருக்கு. அதை நான் ஆதரிச்சுப் பேசறேன்னா, எனக்கு என்ன ஆச்சுன்னு என் வீட்டுல இருக்கிறவங்களே கேக்கறாங்க. (சிரிப்பு)

இந்த அணியை நானே கேட்டு வாங்கினேன். ஏன் கேட்டேன்னு கடைசியில சொல்றேன். அதுக்குக் காரணம் இந்த ஊர்க்காரங்க ஒருத்தர்.

முந்தாநாள் ராத்திரி இந்தப் பேச்சுக்குக் குறிப்பு எழுதக் கம்ப்யூட்டர் முன்னால உக்காந்தேன். மொதல் சொல்லே 'ராயப்பன்பட்டி'. அடிச்சு முடிச்ச மாத்திரத்தில், கீழே நெளிநெளியாக ஒரு சிவப்புக் கோடு. மண்புழு ஊர்ந்து போன தடம் மாதிரி. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. அப்புறம் யோசிச்சேன். அது சொல்றது சரிதானே! தமிழ்ச் சொல் 'ர' என்ற எழுத்தில் தொடங்காது; முன்னால ஒரு 'இ' போடணும் என்று நன்னூல் படித்த எவனுக்கும் தெரியும். ராமன் இராமன் ஆனது அப்படித்தான். உங்க ஊர்ப் பெயர்ல இருக்கிறவரே யாரு? கத்தோலிக்கத் தமிழ் மரபில் இராயப்பர் என்றால் பேதுரு. சரி, பவணந்தி முனிவரே கம்ப்யூட்டருக்குள்ள உக்காந்திருக்கார்னு நெனச்சு, 'இராயப்பன்பட்டி' என்று அடித்தேன்.

அதுக்கும் சிவப்புக் கோடு! (சிரிப்பு)

அப்பத்தான் புரிஞ்சுது. அதுக்கு நன்னூலும் தெரியாது, ராயப்பன்பட்டியும் தெரியாது. அது 'தப்பு'ன்னு சொல்லலை. 'இந்தச் சொல்லை நான் இதுக்கு முன்னால பாத்ததில்லை ஐயா'ன்னு சொல்லுது. அவ்வளவுதான். நம்மதான் சிவப்பைக் கண்டா பயந்துடறோம். பள்ளிக்கூடத்துல பழகின பயம். அந்தச் சொல்லின் மேல் சுட்டியை வைத்து வலது பொத்தானை அமுக்கினா, ஒரு பட்டியல் விரியும். அதுல 'அகராதியில் சேர்'னு ஒண்ணு இருக்கும். அமுக்கினேன். கோடு மறைஞ்சுது. அன்னைலேர்ந்து என் கம்ப்யூட்டர்ல ராயப்பன்பட்டி ஒரு தமிழ்ச் சொல். (கைதட்டல்)

எதிரணித் தலைவர் அழகாகப் பேசினார். 'மூளை செய்ய வேண்டிய வேலையை மெஷினிடம் கொடுத்தால் மூளை துருப்பிடிக்கும்' என்றார். நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அந்த மெஷின் என்ன வேலை செய்யுதுன்னு ஒரு வார்த்தை சொன்னாரா? சொல்லலை. எதைத் திட்டுறோம்னு தெரியாமத் திட்டக் கூடாது பாருங்க. அதனால கொஞ்சம் பொறுமையா உள்ளே போய்ப் பாப்போம்.

1960-ஐ ஒட்டிய வருஷங்களில் அமெரிக்காவுல லெஸ் எர்னஸ்ட் என்ற ஒருவர், கையெழுத்தைக் கம்ப்யூட்டர் படிக்க வேண்டும் என்பதற்காகப் பத்தாயிரம் ஆங்கிலச் சொற்களைப் பட்டியல் போட்டு உள்ளே வைத்தார். 1971-இல் ஸ்டான்ஃபோர்டில் ரால்ஃப் கோரின் என்பவர், அந்தப் பட்டியல் யோசனையை எடுத்துக்கொண்டு பிழை காட்டும் ஒரு நிரலை எழுதினார். அது என்ன செய்யும்? நீங்க எழுதின சொல் பட்டியலில் இருக்கான்னு பாக்கும். இல்லைன்னா, ஒரு எழுத்தைக் கூட்டிப் பாக்கும், ஒரு எழுத்தைக் குறைச்சுப் பாக்கும், ஒரு எழுத்தை மாத்திப் பாக்கும், பக்கத்துப் பக்கத்து எழுத்து ரெண்டை இடம் மாத்திப் பாக்கும். ஏதாவது பட்டியலோட பொருந்தினா, 'இதைத்தான் சொல்ல வந்தீங்களா?'ன்னு கேக்கும். நல்ல கணக்குப்பிள்ளை வேலை! 1995-இல் வந்த மைக்ரோசாஃப்ட் வேர்டு, நீங்க தட்டத் தட்டவே கீழே சிவப்பு நெளிகோடு போட ஆரம்பிச்சுது. 1997-இல் இலக்கணத்துக்குப் பச்சைக் கோடு வந்தது. பிற்பாடு அது நீலமாச்சு.

இதெல்லாம் இங்கிலீஷ்காரனுக்கு. நமக்கு?

அந்தக் காலத்துல நாம தமிழ் அடிச்ச கதையைச் சொன்னா இப்ப இருக்கிற பிள்ளைங்க நம்ப மாட்டாங்க. பாமினி என்று ஒரு எழுத்துரு இருந்தது. கல்யாணப் பத்திரிகை அடிச்சவங்களுக்கெல்லாம் தெரியும். அதுல 'அம்மா'ன்னு திரையில தெரியணும்னா எம், கே, அரைப்புள்ளி, கே, எச்-னு தட்டணும். நம்ம கண்ணுக்கு அம்மா. கம்ப்யூட்டருக்கு? அர்த்தமில்லாத நாலு இங்கிலீஷ் எழுத்தும் நடுவுல ஒரு அரைப்புள்ளியும். அதுல இங்கிலீஷ் பிழைதிருத்தி ஓடினா என்ன ஆகும்? அம்மாவுக்கே சிவப்புக் கோடு! அப்பாவுக்கும் சிவப்புக் கோடு! தமிழ்னு அடிச்சா தமிழுக்கும் சிவப்புக் கோடு! பக்கம் முழுக்க ரத்தக்களறி. (சிரிப்பு) கடையில இருக்கிற தம்பி, மொதல் வேலையா அந்த வசதியை அணைச்சு வைப்பான். நாம எழுதுறது தமிழ்ங்கிறதே அந்த மெஷினுக்குத் தெரியாது ஐயா. 'அ'வுக்கு ஒரு எண், 'ம'வுக்கு ஒரு எண் என்று உலகம் முழுக்க ஒரே கணக்கு வைக்கிற யூனிகோடு 1991-லேயே தமிழுக்கு இடம் கொடுத்துவிட்டது. ஆனா நம்ம கைக்கும் கடைக்கும் அது வந்து சேர வருஷக்கணக்காச்சு. தமிழ்நாடு அரசு அதை ஏத்துக்கிட்டது 2010-இல். அதுக்கப்புறம்தான் தமிழ்ப் பிழைதிருத்தி என்கிற பேச்சு வீட்டுக்கு வீடு வர ஆரம்பிச்சுது.

அதுவும் சும்மா வரலை. நம்ம மொழியோட குணம் அப்படி. இங்கிலீஷ்ல 'கம்' என்ற வினையை எடுத்துக்கோங்க. கம், கம்ஸ், கேம், கமிங். நாலே வடிவம், முடிஞ்சுது சோலி. தமிழ்ல? இப்ப நான் ஒரு சொல் சொல்றேன், மூச்சு விடாமக் கேளுங்க: 'வந்துகொண்டிருந்தவர்களுக்காகத்தானே'. (சிரிப்பு) இது ஒரு சொல்லா, ரயிலா? இது எந்த அகராதியில இருக்கு? சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதியாகப் போட்ட தமிழ்ப் பேரகராதியில் லட்சத்துக்கும் மேலே சொற்கள். அதுல தேடினாலும் இது கெடைக்காது. ஆனா இது தப்பா? சுத்தமான தமிழ்! அப்ப மெஷின் என்ன பண்ணணும்? பின்னால இருந்து வெங்காயம் மாதிரி உரிக்கணும். 'ஏ'யைக் கழட்டு. 'தான்' கழட்டு. 'ஆக' கழட்டு. 'கு' என்ற வேற்றுமை உருபைக் கழட்டு. 'அவர்கள்' கழட்டு. 'இருந்த' கழட்டு. 'கொண்டு' கழட்டு. கடைசியில கையில மிஞ்சறது 'வந்து'. அதுக்குள்ள 'வா' என்கிற வேர். வேர் அகராதியில இருக்கு, ஒட்டியிருக்கிற ஒவ்வொண்ணும் ஒட்டவேண்டிய வரிசையில ஒட்டியிருக்கு, அப்ப சொல் சரி. இது நாங்க வகுப்புல 'பகுபத உறுப்பிலக்கணம்'னு சொல்லிக்கொடுக்கிறது. பையன் தூங்குவான். மெஷின் தூங்காமப் படிச்சிருக்கு. (கைதட்டல்)

படிக்க வெச்சவங்க யாரு? நம்ம ஆளுங்கதான். சென்னைப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் பேராசிரியராக இருந்த தெய்வசுந்தரம் அவர்கள் 'மென்தமிழ்' என்று ஒரு சொல்லாளரையே உருவாக்கினார். நீச்சல்காரன் என்ற பெயரில் இயங்குகிற கணிப்பொறியாளர், சந்திப் பிழைக்கு 'நாவி' என்றும், எழுத்துப் பிழைக்கு 'வாணி' என்றும் இரண்டு கருவிகளைச் செய்து எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்தார். ஆங்கிலக் கருவி ஒரு எழுத்தைக் கூட்டிக் குறைச்சுப் பாக்கும்னு சொன்னேனே, தமிழ்க் கருவி எழுதறவங்க அதோட ஒண்ணு சேத்தாங்க. மயங்கொலி! லகரம் போட்ட இடத்துல ளகரம் போட்டுப் பாரு, ழகரம் போட்டுப் பாரு. ரகரத்துக்கு றகரம். மூணு சுழி, ரெண்டு சுழி, தந்நகரம் மாத்தி மாத்திப் பாரு. தமிழன் எங்கே வழுக்கி விழுவான்னு தெரிஞ்சு, அங்க மெத்தை போட்டு வெச்சிருக்காங்க.

சரி, எதிரணியில அந்தத் தங்கச்சி ஒரு கேள்வி கேட்டாங்க: 'திராட்சைக்குப் பக்கத்துல ப் போடணுமா வேண்டாமான்னு கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?' நியாயமான கேள்வி. கம்பம் பள்ளத்தாக்கில் நின்று கேட்க வேண்டிய கேள்வி! 'திராட்சைப் பழம்': ப் வரும். ரெண்டும் பெயர்ச் சொல். 'திராட்சை பழுத்தது': ப் வராது. அது எழுவாய்த் தொடர். அதே திராட்சை, அதே பகரம். அடுத்து வருவது பெயரா, வினையா என்று தெரிந்தால்தான் ஒற்று போட முடியும். கருவி பல இடத்துல சரியாச் சொல்லும், சில இடத்துல கோட்டை விடும். ஒத்துக்கறேன். எம்.ஏ. தமிழ் படிச்சவங்களும் அங்கே கோட்டை விடறாங்க, அதையும் நீங்க ஒத்துக்கணும்.

இன்னொண்ணும் நானே ஒத்துக்கறேன், எதிரணிக்கு வேலை மிச்சம். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆவணங்களில் 'ஒத்துழைப்பு' என்று வரவேண்டிய இடத்தில் எல்லாம் 'குப்பர்ட்டினோ' என்று வந்திருக்கிறது. என்னடான்னு பாத்தா, பழைய பிழைதிருத்தியின் பட்டியலில் 'கோ-ஆப்பரேஷன்' என்ற சொல் நடுவில் கோடு போட்டுத்தான் இருந்தது. கோடு போடாம எழுதினவங்களுக்கு அது 'குப்பர்ட்டினோ'ன்னு யோசனை சொல்லுச்சு. அது கலிஃபோர்னியாவில் ஒரு ஊர்; ஆப்பிள் கம்பெனியோட தலைமையகம் இருக்கிற ஊர். படிக்காம 'சரி'ன்னு அமுக்கினாரு ஒரு புண்ணியவான். நாடுகளுக்கு இடையே ஒத்துழைப்பு வேண்டும் என்பதற்குப் பதில், நாடுகளுக்கு இடையே ஆப்பிள் ஊர் வேண்டும் என்று ஆவணம் போயிடுச்சு. உலகத்துல ஊர்ப் பேரைப் புகழ் ஆக்க எத்தனையோ வழி. உங்களுக்குத் திராட்சை, அவங்களுக்கு ஆப்பிள், அதுக்கு மேல இந்தப் பிழை! (சிரிப்பு, கைதட்டல்) இந்த மாதிரிக் கூத்துக்கு இங்கிலீஷ்ல அந்த ஊர்ப் பேரையே வெச்சுட்டாங்க.

இதுல குத்தம் யாரோடது? கோடு போட்டது கருவி. அமுக்கினது விரல். கோடு போட்டுக் காட்டுறது வேற, உங்களைக் கேக்காமத் தானே மாத்துறது வேற. இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பித்தான் எதிரணி இவ்வளவு நேரம் பேசினாங்க. போன்ல நீங்க ஒண்ணு அடிக்க, அது ஒண்ணை அனுப்புதே, அது தானே மாத்துறது. அதை அமைப்புக்குள்ள போய் அணைச்சு வைக்கலாம். நான் அணைச்சு வெச்சிருக்கேன். 'எல்லாவற்றையும் மாற்று'ன்னு ஒரு பொத்தான் இருக்கும். அந்தப் பக்கமே போகாதீங்க. கோடு போடுறது மட்டும் இருக்கட்டும். அது கேள்வி கேக்குது. பதில் நாம சொல்றோம்.

'அந்தக் காலத்தில் கருவி இல்லாமல் பிழையில்லாமல் எழுதவில்லையா?' என்று கேட்டார்கள். இல்லை ஐயா, எழுதலை! 'எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்'னு பழமொழியே இருக்கு. ஓலையில் புள்ளி வைத்தால் கிழியும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளியே வைக்கமாட்டார்கள். 'எ'வுக்கும் 'ஏ'வுக்கும் எழுத்தில் தெளிவான வேற்றுமை இல்லை. அதைச் சீர்படுத்தியது பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர். அவரே 1732-இல் சதுரகராதியும் செய்தார். சொல்லை எல்லாம் அகர வரிசையில் அடுக்கி, 'தேடினால் கிடைக்கும்' என்று வைத்தார் பாருங்கள், இன்றைக்குக் கருவிக்குள் இருக்கிற பட்டியலுக்கு அவர் ஒரு பாட்டனார். உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிடுவதற்கு எத்தனை ஏடுகளை ஒப்பிட்டார்! ஒவ்வொரு ஏட்டிலும் ஒவ்வொரு பிழை. எழுதுகிறவன் என்றைக்கும் தவறுவான். பக்கத்தில் ஒரு கண் வேண்டும். அந்தக் கண் எல்லாருக்கும் கிடைச்சுதா என்பதுதான் கேள்வி.

கல்லூரியில் படித்தவனுக்கு வாத்தியார் கண் கெடைச்சுது. பத்திரிகையில் எழுதியவனுக்கு மெய்ப்புத் திருத்துபவர் கண் கெடைச்சுது. இங்கே பந்தலுக்கு அடியில நின்னு கவாத்து வெட்டுற அம்மாவுக்கு யாரு கண் கெடைச்சுது? அவங்களும் மனு எழுதணும். குழுவுல தீர்மானம் எழுதணும். பேங்குக்கு லெட்டர் எழுதணும்.

நடுவர் ஐயா, மணி அடிக்கப் போறீங்கன்னு தெரியுது. மூணே நிமிஷம். இந்த அணியை ஏன் கேட்டு வாங்கினேன்னு சொல்றேன்னேன்ல?

1998. மதுரையில ஒரு கல்லூரி. நான் வேலைக்குச் சேந்து ரெண்டு மூணு வருஷம் இருக்கும். வகுப்புல நகைச்சுவையாப் பேசுறவர்னு எனக்கு நல்ல பேரு. முதலாம் ஆண்டுப் பொதுத் தமிழ். 'மறக்க முடியாத ஒரு நாள்'னு கட்டுரை எழுதச் சொன்னேன். இந்த ஊர்ப் பொண்ணு ஒண்ணு எழுதியிருந்துச்சு. திராட்சைத் தோட்டத்துக்காரர் மகள். மூணாவது வரியில, 'அறுவடைக்கு நான்கு நாள் இருக்கும்போது மலை பெய்தது' என்று இருந்தது. 

எனக்குக் கெடைச்சுடுச்சு. அந்தப் பொண்ணை எழுப்பி நிக்க வெச்சு, 'ஏம்மா, எந்த மலை பெய்தது? மேற்குத் தொடர்ச்சி மலையா? அடியில நின்னவங்க எல்லாம் என்ன ஆனாங்க?'ன்னு கேட்டேன்.

(சிரிப்பு)

சிரிக்கிறீங்க. அன்னைக்கும் இப்படித்தான் சிரிச்சாங்க. அறுபது பேர். நானும் சிரிச்சேன். சிவப்பு மையில மலையைச் சுத்தி ஒரு வட்டம் போட்டேன். நோட்டை மூடிக் கொடுத்துட்டேன். அடுத்த பருவத்துல அந்தப் பொண்ணு வரலை. கல்யாணம் ஆகியிருக்கும்னு நெனச்சேன்.

இங்க இருக்கிற விவசாயிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் நேயர்களுக்காகச் சொல்றேன். பழம் முத்தி, சர்க்கரை ஏறி, தோல் மெலிஞ்சு நிக்கிற நேரத்துல மழை பெஞ்சா, பழம் தண்ணியைக் குடிச்சு வெடிச்சுடும். வெடிச்ச குலையை வியாபாரி தொட மாட்டான். இந்தப் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, நமக்கெல்லாம் பெருமை. ஆனா மழைக்குப் புவிசார் குறியீடு தெரியாது.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால ஒரு கல்யாணத்துக்காக இந்த ஊருக்கு வந்தேன். பந்தியில எனக்கு இலை போட்ட ஒரு அம்மா, 'ஐயா, என்னைத் தெரியுதா?'ன்னாங்க. தெரியலை. 'மலை பெய்த பொண்ணு ஐயா'ன்னாங்க. சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னாங்க. எனக்குச் சோறு எறங்கலை.

சாப்பாடு முடிஞ்சு திண்ணையில உக்காந்து பேசினோம். 'அந்தக் கட்டுரையை நீங்க கடைசி வரைக்கும் படிச்சீங்களா ஐயா?'ன்னு கேட்டாங்க. நான் பதில் சொல்லலை. அவங்களே சொன்னாங்க. 'பழம் பூராம் வெடிச்சிருச்சு, அட்வான்ஸ் கொடுத்த வியாபாரி திரும்பிப் போயிட்டாரு, அடுத்த பீஸ் கட்ட அப்பாவால முடியாது, இதுதான் நான் காலேஜ்ல எழுதுற கடைசிக் கட்டுரையா இருக்கும்னு எழுதியிருந்தேன். நீங்க படிச்சிருப்பீங்க, கூப்பிட்டுக் கேப்பீங்கன்னு பாத்தேன்.'

மூணாவது வரியில இருந்த பிழையைக் கண்டுபுடிச்ச நான், கடைசிப் பத்தியைப் படிக்கலை, நடுவர் ஐயா.

'நீங்க சிரிச்சதுக்காக நான் படிப்பை நிறுத்தலை ஐயா, வசதியில்லாம நின்னேன். ஆனா எழுதுறதை நிறுத்தினது அன்னைக்குத்தான்'னாங்க. மகளிர் குழுவுல தலைவியா இருக்கச் சொல்லிக் கேட்டிருக்காங்க. தீர்மான நோட்டு எழுதணுமேன்னு பயந்து, பதினஞ்சு வருஷம் மாட்டேன்னே சொல்லியிருக்காங்க. பேச்சுன்னா ஊரையே வாங்குவாங்க. பேனா எடுத்தா மட்டும் கை நடுங்கும். எங்க பக்கம் மழையை 'மள'ன்னுதான் சொல்லுவோம். ள தப்புன்னு தெரிஞ்சு, திருத்தி ல போட்ட பொண்ணு அது. சரியா எழுதணும்னு நெனச்சதாலதான் அந்தப் பிழையே வந்துச்சு. இது எனக்கு அந்தத் திண்ணையிலதான் புரிஞ்சுது. பிஎச்.டி. வாங்கி எத்தனையோ வருஷம் கழிச்சு!

அப்புறம் மகன் ஒரு பழைய லேப்டாப் கொண்டுவந்து வெச்சிருக்கான். அதுல தமிழ்ப் பிழைதிருத்தியும் போட்டுக் கொடுத்திருக்கான். ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் உக்காந்து தட்டிப் பாத்திருக்காங்க. சிவப்புக் கோடு வந்துச்சாம். திருத்துனாங்களாம். கோடு போயிடுச்சாம். 'யாரும் சிரிக்கலை ஐயா'ன்னாங்க.

எதிரணி நண்பர்களே, உங்க வாதத்துக்கு எல்லாம் நான் பதில் சொல்லிட்டேனான்னு எனக்குத் தெரியாது. இந்த ஒரு வாக்கியத்துக்கு நீங்க பதில் சொல்லுங்க. (கைதட்டல்)

இன்னும் இருக்கு. 'மலை பெய்தது'க்கு அந்தக் கருவி கோடு போடுமா? போடாது! மளைன்னு அடிச்சா போடும். அப்படி ஒரு சொல் இல்லை. மலைன்னு அடிச்சா போடாது. மலை நல்ல தமிழ்ச் சொல். பக்கத்துச் சொல்லையும் சேத்துப் பாக்குற புதுக் கருவிகள் இப்ப வந்துக்கிட்டிருக்கு. ஆனா அந்த அம்மாகிட்ட இருக்கிறது பட்டியல் பாக்குற பழைய கருவிதான். எதிரணி இப்பக் கை தட்டலாம். ஆனா அந்த அம்மா என்ன செய்யறாங்க தெரியுமா? எழுதி முடிச்சதும், தேடுற பெட்டியைத் திறந்து 'மலை'ன்னு அடிக்கிறாங்க. எத்தனை இடத்துல மலை இருக்கோ அத்தனையும் மஞ்சளா நிக்கும். ஒவ்வொண்ணா வாய்விட்டுப் படிக்கிறாங்க. இது நிக்கிற மலையா, பெய்யிற மழையா? அப்புறம் 'அரை', 'அறை'. அப்புறம் 'பனி', 'பணி'. தான் எங்கெங்க வழுக்குவோம்னு ஒரு துண்டுத் தாள்ல எழுதித் திரைக்குப் பக்கத்துல ஒட்டி வெச்சிருக்காங்க. மூளை துருப்பிடிக்கும்னு சொன்னாரே எதிரணித் தலைவர், இந்தத் துண்டுத் தாளை நான் அவருக்கு வாங்கித் தர்றேன்.

கருவிக்குத் தெரியாத சொல்லையும் அவங்க விடறதில்லை. தோட்டத்துச் சொல், ஊர்ப் பேரு, மருந்துப் பேரு, எதுக்குச் சிவப்புக் கோடு வந்தாலும் சரியான்னு பக்கத்து வீட்டுப் பெரியவர்கிட்டயோ பிள்ளைங்ககிட்டயோ கேட்டு, சரின்னா 'அகராதியில் சேர்'. மொதல்ல சொன்னேனே, ராயப்பன்பட்டியை அகராதியில சேத்தேன்னு. அந்தப் பொத்தானை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவங்கதான்.

அன்னைக்குச் சாயங்காலம் ஒரு மனுவைக் காட்டினாங்க. மழையில போன திராட்சைக்கு நிவாரணம் கேட்டு, குழுவுல இருக்கிற விவசாயக் குடும்பங்களுக்காக எழுதினது. ரெண்டு பக்கம். இந்தத் தடவை கடைசி வரி வரைக்கும் படிச்சேன். மலை ஒரு இடத்துல வந்துச்சு. 'மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் உள்ள எங்கள் தோட்டங்களில்' என்று. மழை ஏழு இடத்துல. ஏழும் மழையாவே இருந்துச்சு.

ஒரே ஒரு இடத்துல மட்டும் 'திராட்சை பந்தல்'னு, ப் இல்லாம இருந்தது. சொல்லலாமா வேண்டாமான்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன். என் முகத்தைப் பாத்தே கண்டுபுடிச்சுட்டாங்க. 'என்ன ஐயா, எங்க?'ன்னாங்க. காட்டினேன். 'இதுக்கு அது கோடு போடலை பாருங்க'ன்னு சொல்லிக்கிட்டே ஒரு ப் தட்டினாங்க. தட்டிட்டு, 'ஏன் ப் வருது?'ன்னு கேட்டாங்க. இருட்டுற வரைக்கும் உக்காந்து ஒற்று மிகும் இடம் சொல்லிக்கொடுத்துட்டுத்தான் பஸ் ஏறினேன்.

அந்த அம்மா இந்தக் கூட்டத்துலதான் இருக்காங்க. பேரைச் சொல்லக் கூடாது, எழுப்பி நிக்க வைக்கவும் கூடாதுன்னு கண்டிசன் போட்டிருக்காங்க. ஒரு தடவை எழுப்பி நிக்க வெச்சது போதும்.

மணி அடிச்சுட்டீங்க ஐயா.

(நீண்ட கைதட்டல்)